சிரட்டைக்கு ஒரு சட்டை தைத்தேன்

2024 ஓகஸ்டில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர்கள் கொழும்புக்குக் குடிபோனார்கள். காலை பத்து மணிக்கு லொறி வந்தது. கதிரை, மேசை, பிரிட்ஜ், அலுமாரி எல்லாம் ஏறின. இரண்டு ரோசாச் சட்டிகள்கூட ஏறின. பூனை ஏறவில்லை. லொறி மறையும் வரைக்கும் அது மதிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததை என் யன்னலால் கண்டேன். பிறகு வந்து எடுத்துப்போவார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் வரவில்லை.

நான் வீட்டிலேயே தையல் செய்கிறவள். திருகோணமலையில், டச் பே கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே எங்கள் வீடு. வெளிச்சத்துக்காக மெஷினை யன்னலோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து நிமிர்ந்தால் நேரே அந்தப் பூட்டிய கேற்தான் தெரியும். அந்த வீட்டில் பூனைக்குச் சோறு வைக்கும் நேரம் பின்னேரம் ஆறு மணி. ஆட்கள் போன பிறகும் அது ஆறு மணிக்கு வந்து கேற்றின் முன்னால் இருக்கும். முதல் கிழமை கத்தியது. இரண்டாம் கிழமை கத்துவதை விட்டுவிட்டது, வந்து இருப்பதை விடவில்லை. ஒரு ரவிக்கைக்குக் கை வைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தாலும் அதே இடத்தில் அப்படியே இருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் கல்நெஞ்சு இல்லை. முன்வீட்டு மாமி மீன் முள் போடுவார். பக்கத்து வீட்டுச் சின்னவள் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்துக் கொடுப்பாள். மூலைக்கடை நானா மீன் வாங்கினால் தலையை எடுத்து வைப்பார். நானும் மத்தியானத்தில் மிஞ்சினதைக் கொண்டுபோய் வைத்தேன். எல்லோரும் கொடுத்தோம், அதனாலேயே அது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போனது. மற்றவர் கொடுத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்த நாட்களில் அது பட்டினி கிடந்தது. அப்படி எத்தனை நாள் கிடந்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறமும் கலந்த பூனை. பழைய வீட்டில் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. கிணற்றடியில் கிடந்த சிரட்டையில் அது தண்ணீர் குடிப்பதைக் கண்டு சின்னவள்தான் 'சிரட்டை' என்று கூப்பிடத் தொடங்கினாள். பிறகு எல்லோருக்கும் அது சிரட்டை ஆகிவிட்டது.

ஒக்டோபர் நடுவில் ஒருநாள் அதன் முதுகைத் தடவினேன். நடு எலும்பு மணி மணியாகக் கையில் தட்டுப்பட்டது. வயிறு மட்டும் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. முதலில் பூச்சி என்றுதான் நினைத்தேன். மாமி பார்த்த உடனேயே சொன்னார்: "பிள்ளை, இது வயித்தில குட்டி. இன்னும் மூண்டு கிழமைதான்." பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது கிழமை. கணக்குப் பார்த்தால், வீடு பூட்டப்பட்ட பிறகு, பசியோடு திரிந்த நாட்களில்தான் அவளுக்கு இது வந்திருக்கிறது. அன்றிலிருந்து நான் அவளை 'அது' என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இந்தப் பூனைக்கு என்ன வந்தாலும் கேட்கப்பட வேண்டிய ஆள் நான். ஒழுங்கையில் எல்லோரிடமும் போய் அப்படியே சொன்னேன். "நீங்கள் குடுக்கிறதைக் குடுங்கோ, ஆனா கணக்கு என்னட்ட இருக்கும்." சிலர் சிரித்தார்கள். நானா மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல காரியம் தங்கச்சி. எங்கட மார்க்கத்திலயும் பூனை அசுத்தமில்ல, வீட்டுக்குள்ள சுத்தித் திரியிற சீவன் எண்டுதான் சொல்லியிருக்கு" என்றார். அவர் பிறகு செய்த உதவிகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

காலையும் பின்னேரமும் இரண்டு நேரச் சாப்பாடு என்று வைத்தேன். மலிவாக வாங்க முடிந்தது சூடை மீன்தான். அதை உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் இல்லாமல் அவித்து, முள் எடுத்து, கொஞ்சச் சோற்றோடு பிசைந்து வைப்பேன். பச்சை மீனை அப்படியே போடக்கூடாது என்பது பிறகு மிருக வைத்தியர் சொல்லித்தான் தெரியும். சூடை, சாளை மாதிரி மீன்களில் உடம்பிலுள்ள பி1 விற்றமினை அழிக்கும் ஒரு பொருள் இருக்கிறதாம். பச்சையாகவே தொடர்ந்து தின்றால் பூனைக்கு நரம்புக் கோளாறு வரும். அவித்தால் அந்தப் பொருள் செத்துவிடும். நவம்பர் பிறக்க வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தது, வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள், மீன் விலை ஏறியது. அந்த நாட்களில் அவித்த முட்டையும் கோழி ஈரலும் கொடுத்துச் சமாளித்தேன்.

நவம்பர் 10 அல்லது 11 இருக்கும். காலையில் வந்தபோது அவளுக்கு வயிறு ஒட்டியிருந்தது. முலைக்காம்பைச் சுற்றி மயிர் நனைந்து பிரிந்து கிடந்தது. குட்டி போட்டுவிட்டாள். அவசரமாகச் சாப்பிட்டாள், முகம்கூட நக்கவில்லை, மதிலேறி அந்தப் பூட்டிய வளவுக்குள் பாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு ஏணி வைத்துப் பார்த்தோம். பின்பக்கத்து வெளிக் கக்கூசில், யாரோ போட்டுவிட்டுப் போன சாக்கின் மேல் நான்கு குட்டிகள். ஆட்கள் இல்லாத வீட்டையே தன் வீடாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கிப் போய்த் தொடவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். இப்படிக் குட்டிகளைக் காணும் இரக்கமுள்ளவர்கள்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். தாய் சாப்பிடப் போன நேரத்தில் குட்டிகளைக் கண்டு, 'ஐயோ, தாயில்லை' என்று தூக்கி வந்து, பால்மா கரைத்துப் பருக்கி, மூன்றாம் நாள் சாகக்கொடுத்துவிட்டு அழுவார்கள். நானே சின்ன வயதில் அப்படி ஒன்றைச் சாகக்கொடுத்தவள். பிறந்து மூன்று கிழமை வரைக்கும் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. தாய் நக்கிவிடாமல் மூத்திரம்கூடப் போகாது. மாட்டுப்பாலும் பால்மாவும் அதற்கு வயிற்றோட்டம் கொடுக்கும். தாய் உயிரோடு வந்து போகிறாள் என்றால் நாங்கள் செய்ய வேண்டியது தாயைப் பார்ப்பது மட்டும்தான். அவளுக்கு வயிறு நிறைந்தால் அவர்களுக்குப் பால் வரும். அதனால் சாப்பாட்டை மூன்று நேரமாக்கி மதில்மேல் வைத்தேன். உவர்மலையில் இருக்கும் அந்த வீட்டுக்காரரின் சொந்தக்காரருக்கு ஃபோன் எடுத்து, தேவை வந்தால் மதிலேறி இறங்கலாமா என்று கேட்டு வைத்தேன். திறப்பு தன்னிடம் இல்லை, இறங்குங்கோ என்றார்.

தேவை இரண்டு கிழமையில் வந்தது.

நவம்பர் கடைசியில் விடாமல் பெய்த மழை இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிறகு ஃபெங்கல் புயல் என்று பெயர் எடுத்து இந்தியப் பக்கம் போன தாழமுக்கம் அப்போது எங்கள் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. 25ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்திவிட்டார்கள். தம்பி இரண்டு நாள் எழுதிவிட்டு, மிச்சத்துக்குக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தான். 27ஆம் திகதி இரவு ஒழுங்கையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கரண்டும் இல்லை. மதில்மேல் வைத்த சாப்பாடு மழையில் ஊறிக் கிடந்தது, சிரட்டை வரவில்லை. ஒன்பதரை மணிக்கு நானும் தம்பியும் டோர்ச் எடுத்துக்கொண்டு மதிலேறினோம்.

கக்கூசுக்குள் இரண்டு குட்டிகள்தான் இருந்தன. சாக்கு மிதந்துகொண்டிருந்தது. ஒன்று ஏற்கனவே போய்விட்டது. மற்றது, கறுப்பு வரி போட்ட சாம்பல் நிறக் குட்டி, உடம்பெல்லாம் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் பருக்கக்கூடாது. குடல் வேலை செய்யாது, மூச்சுக்குள் போய்விடும். முதலில் சூடு. சுடுதண்ணீர்ப் போத்தலுக்குத் துவாய் சுற்றி, பக்கத்தில் குட்டியை வைத்து, வெட்டுத்துணிப் பெட்டியில் கிடந்த ஃபிளனல் துண்டுகளால் துடைத்துத் துடைத்துக் காயவைத்தேன். தம்பி நெருப்புப்பெட்டியோடு குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டிருந்தான். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு முன்கால் அசைந்தது. அப்புறம் ஒரு சத்தம். ஊசி முனையளவு சத்தம்தான், ஆனால் நான் அழுதுவிட்டேன்.

தாயையும் மற்ற இரண்டையும் எங்கே தேடுவது? பதினொரு மணியிருக்கும், மாமி தன் வீட்டுப் பின்வாசலால் கூப்பிட்டார். அவருடைய விறகுக் கொட்டிலில், உயரமாக அடுக்கிய தென்னம்மட்டையின் மேல், சிரட்டை இருந்தாள். இரண்டு குட்டிகளை அந்த மழைக்குள்ளால் வாயில் கவ்வி அங்கே சேர்த்திருக்கிறாள். மூன்றாவதுக்குத் திரும்பிப் போக நினைக்கும்போது வெள்ளம் ஏறியிருக்க வேண்டும். சாம்பல் குட்டியை அவள் முன்னால் வைத்தேன். முகர்ந்தாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு அதன் கழுத்தில் இருந்து வால் வரைக்கும் நக்கத் தொடங்கினாள். அந்தக் குட்டி தலையால் முட்டி முட்டித் தேடி முலையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

இறந்த குட்டியை விடிய முருங்கை மரத்தடியில் புதைத்தோம். யாரோ சாறிக்கு ரவிக்கை தைத்து மிஞ்சிய நீல சற்றின் துண்டில் சுற்றினேன்.

பூனை ஏழு வீடு மாறும் என்று எங்கள் சனம் சொல்லும். சும்மா மாறுவதில்லை. ஓரிடத்தில் கனநாள் இருந்தால் குட்டிகளின் மணம் தேங்கிக் கடுவன் பூனைக்கும் நாய்க்கும் தெரிந்துவிடும், தெள்ளும் பெருகிவிடும். ஆட்கள் அடிக்கடி எட்டிப் பார்த்தாலும் மாற்றிவிடும். மாமியின் கொட்டில் சிரட்டைக்கு இரண்டாவது வீடு. ஆனால் அங்கே அவளை வைத்திருக்க முடியவில்லை. மாமியின் பேரனுக்கு முட்டு வருத்தம், பூனை மயிர் பட்டால் இரவெல்லாம் இழுக்கும். மாமி என்னிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "கோவிக்காத பிள்ளை. எனக்கும் மனசு கேக்குதில்ல." அவர் மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் இல்லை. மூன்று நாள் தன் விறகை எடுக்காமல் ஈர மட்டையோடு சமைத்தவர் அவர்.

வெட்டுத்துணிப் பெட்டியைக் காலியாக்கி, என் விறாந்தை மூலையில் வைத்து, கொட்டிலில் அவர்கள் படுத்த துணியையே உள்ளே விரித்தேன், மணம் மாறாதிருக்க. குட்டிகளைத் தூக்கும்போது சிரட்டை என் வலது கை ஆட்காட்டி விரலைக் கடித்துவிட்டாள். ஆழமான கடி. நான்தான் அவசரப்பட்டேன், அவள் தாய், செய்ய வேண்டியதைச் செய்தாள். குழாயைத் திறந்துவிட்டு, சவுக்காரம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து பதினைந்து நிமிடம் கழுவினேன். அடுத்த நாள் காலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசர்நாய் நோய்க்கான ஊசி அரச ஆஸ்பத்திரியில் இலவசம். பூனைக்கடிக்குப் பலர் அங்கே போவதில்லை, நாய்க்கு மட்டும்தான் என்று நினைத்து மஞ்சளைப் பூசிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். அந்த நோய் பூனையாலும் வரும். வந்த பிறகு மருந்து இல்லை. தயவுசெய்து போங்கள்.

விறாந்தைக்கு வந்த இரவே அவள் மூன்றையும் திரும்பக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் மறுபடி கொண்டுவந்தேன். இந்த முறை பெட்டியின் மேலே ஒரு பழைய கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். முன்பக்கம் ஒரு பூனை நுழையும் அளவுக்கு மட்டும் வாசல் விட்டேன். அதற்குப் பிறகு அவள் வீடு மாறவில்லை.

தையல் செய்கிற வீடு பூனைக்குட்டிக்கு ஆபத்தான வீடு. கண் திறந்து, காலூன்றி நடக்கத் தொடங்கிய உடனே எனக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. ஊசி ஒரு பக்கம், நூல் அதைவிடப் பெரிய ஆபத்து. பூனையின் நாக்கில் பின்பக்கம் பார்த்த முள்ளுகள் இருப்பதால் வாயில் அகப்பட்ட நூலைத் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டே போகும். அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள் என்றார் மிருக வைத்தியர். நானா கடையில் இருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். காலையும் மாலையும் அதை நிலத்தில் உருட்டி ஊசி பொறுக்குவேன். நூல்துண்டு எல்லாம் மூடியுள்ள டின்னுக்குள். கால்மெஷினில் மிதிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்ப்பேன், சக்கரத்தடியில் வால் இருக்கிறதா என்று. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

கிழமைக்கு ஒருமுறை மூன்றையும் கூடையில் போட்டு நானா கடைக்குக் கொண்டுபோவேன். பருப்பு நிறுக்கும் இலத்திரனியல் தராசில் ஒரு பேப்பர் விரித்து நிறுப்பார். பிறக்கும்போது குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், பிறகு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஏதோ பிழை என்று அர்த்தம். முதல் நிறையில் செம்மஞ்சள் குட்டி 340, தாய் மாதிரி முந்நிறக் குட்டி 310, வெள்ளத்தில் எடுத்த சாம்பல் 235. நானா சிகரெட் மட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். "இவட கணக்கை நான் பாக்கிறன்" என்று சாம்பலைக் காட்டிச் சொன்னார்.

அந்தச் சாம்பலுக்குத்தான் எல்லாம் வந்தது. கண்ணில் பீளை கட்டி ஒட்டிக்கொண்டது. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்து, வைத்தியர் கொடுத்த களிம்பை எட்டு நாள் போட்டேன். பிறகு தெள்ளு. சின்னக் குட்டியில் தெள்ளு என்பது வெறும் சொறி இல்லை, இரத்தம் குடித்தே கொன்றுவிடும். பல்முரசு வெளிறிப்போனதைக் கண்டுதான் எனக்கு விளங்கியது. ஒழுங்கையில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர் மண்ணெண்ணெய் துடை என்றார். ஒருவர் தன் நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தை அன்போடு கொண்டுவந்து தந்தார். வாங்கி வைத்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டினேன். அதில் பெர்மெத்ரின் இருந்தது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனையை வலிப்பு வரச்செய்து கொன்றுவிடும். பனடோல் என்கிற பரசிட்டமோலும் அப்படித்தான். காய்ச்சல் என்று பாதிக் குளிசை கொடுத்தால்கூடப் பூனை சாகலாம், அதைப் பிரித்து வெளியேற்றப் பூனையின் ஈரலுக்கு முடியாது. நாங்கள் கடைசியில் செய்தது பேன் சீப்புத்தான். தினமும் வாரி, விழுந்த தெள்ளைச் சவுக்காரத் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, படுக்கைத் துணியைச் சுடுதண்ணீரில் அவித்தேன். பத்து நாளில் முரசு திரும்பவும் ரோசா நிறமானது. சிகரெட் மட்டையில் 235 என்பது 410 ஆனது.

எட்டுக் கிழமை ஆனதும் வீடு தேடத் தொடங்கினேன். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கடுவன் இருக்கா?" செம்மஞ்சள் குட்டி கடுவன். பாலையூற்றில் இருக்கும் ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் அவனை உடனேயே எடுத்துக்கொண்டார். முந்நிறமும் சாம்பலும் பெட்டை. முந்நிறப் பூனை என்றாலே அநேகமாகப் பெட்டைதான். செம்மஞ்சளா கறுப்பா என்ற குணம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, இரண்டு எக்ஸ் இருந்தால்தான் இரண்டு நிறமும் சேர்ந்து வரும். அந்த அழகுக்காகப் பார்க்க வருவார்கள், வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு ஆலோசனை சொல்வார்கள். மீன் சந்தையில் விடுங்கோ, தின்னக் கிடைக்கும். கோட்டைப் பக்கம் விடுங்கோ, கோயிலுக்கு வாற சனம் ஏதாவது போடும்.

பிரெட்ரிக் கோட்டையில் மான்கள் திரிவதை எங்கள் ஊர் பெருமையாகச் சொல்லும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள், பழம் கொடுப்பார்கள். எனக்கும் அந்த மான்களைப் பிடிக்கும். ஆனால் அதே மான்கள் ரவுணுக்குள் இறங்கிக் குப்பையில் பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நிற்பதையும் நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். எல்லோரும் கொடுக்கிற இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. என் வெட்டுத்துணிப் பெட்டியில் வளர்ந்த பிள்ளைகளை அப்படி ஓர் இடத்தில் விட எனக்கு மனம் வரவில்லை, விடவுமில்லை.

இதற்கிடையில் சிரட்டையைத் தேடி மதிலில் ஒரு பெரிய கடுவன் வரத் தொடங்கியது. குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே பூனைக்கு அடுத்த சினை பிடிக்கும், பால் கொடுப்பது அதைத் தடுக்காது. இங்கே வருடம் முழுக்கப் பகலின் நீளம் பெரிதாக மாறாது, அதனால் பூனைக்கும் வருடம் முழுக்கக் காலம்தான். ஜனவரி நடுவில், பால் வற்றியதும், கருத்தடை ஓப்பரேசனுக்கு நாள் எடுத்தேன். அந்த வருடம் பாடசாலை ஜனவரி கடைசியில் தொடங்கியதால் என் மேசையில் வெள்ளைச் சீருடைத் துணி மலையாகக் குவிந்திருந்தது. செலவு ஆறு சீருடைக் கூலி அளவு வந்தது. அதில் இரண்டு கூலியை மாமி கொண்டுவந்து என் மெஷினில் வைத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல விடாமல் போய்விட்டார்.

முதல்நாள் இரவே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. ஆறு மணிக்கு அவள் வந்து கோப்பையின் முன்னால் இருந்தாள், வெறும் கோப்பை. பழைய நாட்கள் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. காலையில் இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாய்க்கு வாய் வைத்துக் கட்டி, மேலே பெட்சீற் போட்டு, ஓட்டோவில் கொண்டுபோனோம். வழி முழுக்க ஒரே கத்தல். "அம்மா வந்திருக்கிறன், அம்மா வந்திருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பின்னேரம் கையில் கொடுத்தார்கள். இடது காதின் நுனியை நேராக வெட்டியிருந்தார்கள், ஓப்பரேசன் முடிந்த தெருப்பூனை என்று தூரத்தில் இருந்தே தெரிவதற்காக. வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். ஓர் அங்குலம்கூட இல்லாத வெட்டு. இருபத்தைந்து வருடமாகத் தைக்கிறவளின் கண் முதலில் தையலைத்தான் பார்க்கும். ஒரே அளவு இடைவெளி, இழுபடவில்லை, சுருங்கவில்லை. நல்ல கை என்று வைத்தியரிடம் சொன்னேன். அவர் என் தொழிலைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அவளுக்கு ஒரு சட்டை தையுங்கோ, தையலை நக்காமல் இருக்க கழுத்தில் போடும் வட்டத்தைவிட நல்லது என்றார்.

அன்றிரவே தைத்தேன். அளவுநாடாவால் கழுத்து, நெஞ்சு, முன்கால்களுக்கு இடைவெளி, வால் வரை நீளம் எல்லாம் எடுத்தேன். மயக்கம் தெளியாமல் படுத்திருந்ததால் விட்டாள். சீருடைத் துணி கரடு, அதனால் பழைய பெனியன் ஒன்றை வெட்டினேன். நான்கு காலுக்கும் துளை, ஓரத்தை உருட்டித் தைத்து, முதுகில் நான்கு இடத்தில் நாடா வைத்துக் கட்டினேன். வயிற்றுப் பக்கம் மடிப்பே வராமல் பார்த்துக்கொண்டேன். என் கையால் எத்தனையோ கலியாண ரவிக்கை தைத்திருக்கிறேன், இவ்வளவு கவனமாக எதையும் தைத்த ஞாபகம் இல்லை. பத்து நாள் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். சின்னவள் பார்த்துவிட்டு, சிரட்டையும் பள்ளிக்கூடம் போகப்போகிறாளா என்று கேட்டாள்.

பெப்ரவரியில் அந்தப் பழைய வீட்டுக்கார அக்கா எனக்கு ஃபோன் எடுத்தார். மாமி மூலமாகக் கேள்விப்பட்டிருக்கிறார். "ஃபிளாட்டில விடமாட்டினம் எண்டு சொன்னவங்க. பூனைதானே, எங்கயும் பிழைச்சுக்கொள்ளும் எண்டு நினைச்சம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. பிழைத்துக்கொள்ளவில்லை அக்கா, மூன்று மாதம் உங்கள் கேற்றுக்கு முன்னால் இருந்தது, ஒரு குட்டி தண்ணீரில் செத்தது என்று அப்படியே சொன்னேன். மற்றப் பக்கம் கனநேரம் சத்தம் இல்லை. பிறகு தன் மகளுக்கு ஒருக்கால் காட்டமுடியுமா என்று கேட்டார். வீடியோவில் காட்டினேன். அந்தப் பிள்ளை "மினு" என்று கூப்பிட்டது. சிரட்டை காதைத் திருப்பினாள், நுனி வெட்டிய அந்தக் காதை. அவளுடைய பழைய பெயரை அப்போதுதான் அறிந்தேன்.

சாம்பலை நானா எடுத்துக்கொண்டார். அரிசி மூட்டைக்கு எலி வருகிறது, அதற்குத்தான் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். ஆனால் மத்தியானத்தில் போனால் அவள் தராசின் மேல் படுத்திருப்பாள், அவர் வாடிக்கையாளரை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லி அவளை மெதுவாகத் தூக்கி வைப்பார். முந்நிறக் குட்டியை யாரும் கேட்கவில்லை. நானும் இப்போது யாரையும் கேட்பதில்லை. தாயும் மகளும் என் விறாந்தையிலேயே இருக்கிறார்கள். மூன்று மாதம் முடிய இரண்டு குட்டிக்கும் விசர்நாய் நோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. சிரட்டைக்கும் கூடவே போட்டோம்.

இனி இரண்டு பெட்டைக்கும் ஓப்பரேசன். இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரட்டும், செய்யலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். நேற்றுப் பின்னேரம் நானா கடையில் இரண்டு பேரையும் நிறுத்தோம். முந்நிறம் 1 கிலோ 480. சாம்பல் 1 கிலோ 560. நானா இரண்டு தரம் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மட்டையில் எழுதினார். நான் வீட்டுக்கு வந்து பெனியன் துணி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு சட்டைக்குக் காணும்.